செய்கூலி மட்டுமே உள்ள நகை

1996 ஏப்ரலில் நியூயார்க்கின் சோத்பீஸ் ஏலக் கூடத்தில், அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவியாக இருந்த ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ் விட்டுச்சென்ற பொருள்கள் நான்கு நாள் ஏலம் போயின. அவற்றில் மூன்று சரம் கொண்ட ஒரு முத்துமாலையும் இருந்தது. கடலில் விளைந்த முத்தல்ல, போலி முத்து. 500 முதல் 700 டாலர் வரை போகலாம் என்று அட்டவணையில் அச்சிட்டிருந்தார்கள். போனது 2,11,500 டாலருக்கு. சின்னப் பையனாக இருந்த மகன் ஜான் அம்மாவின் கழுத்து மாலையைப் பிடித்து இழுக்கிற படம் பல ஆண்டுகளாக உலகம் பார்த்த படம்; அந்தப் படத்துக்கு விழுந்த விலை அது. மாலையை வாங்கிய ஃபிராங்க்ளின் மின்ட் நிறுவனம் அதைப் பார்த்து நகல் செய்து விற்றது. போலி முத்துக்கும் ஒரு நகல், அந்த நகலுக்கும் வாங்க ஆள்!

இதற்கு ஏழு மாதம் முன்புதான், 1995 செப்டம்பரில், கலிஃபோர்னியாவில் பியர் ஓமிட்யார் என்ற மென்பொருள்காரர் 'ஆக்‌ஷன்வெப்' என்ற இணைய ஏலத் தளத்தைத் தொடங்கியிருந்தார். அதில் முதலில் விலைபோனது பழுதான லேசர் சுட்டி ஒன்று, 14.83 டாலருக்கு. 1997இல் தளத்தின் பெயர் ஈபே ஆயிற்று. வருங்கால மனைவிக்கு பெஸ் மிட்டாய் டப்பாக்கள் சேர்க்கும் ஆசை, அதற்காகவே தளத்தைத் தொடங்கினார் என்றொரு கதை பத்திரிகைகளில் வெகுநாள் உலவியது. அது நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு கட்டிய கதை என்று பத்திரிகையாளர் ஆடம் கோஹன் 2002இல் எழுதிய நூலில் வெளிப்பட்டது. பழைய போலி நகைகள் மூட்டை மூட்டையாகக் கைமாறிய சந்தை அது. அதன் பிறப்புக் கதையும் கவரிங்தான்.

நம் ஊர் நகைக்கடை ரசீதில் எடை, அன்றைய கிராம் விலை, செய்கூலி, சேதாரம் என்று கணக்கு இறங்கும். பழைய நகையை விற்கப் போனால் செய்கூலியும் சேதாரமும் காற்றில் போய்விடும். தராசில் நிற்பதற்கு மட்டும் காசு. அதனால்தான் கவரிங் சங்கிலியை அடகுக்கடைக்காரர் கையில்கூட வாங்கமாட்டார். இப்போது இந்தக் கணக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். உலோகத்துக்கு மதிப்பில்லை, கல் கண்ணாடி, முலாம் ஒரு மெல்லிய பூச்சு. எடையைக் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது செய்கூலி ஒன்றுதான். அமெரிக்கர்கள் 'காஸ்ட்யூம் ஜுவல்லரி' என்று சொல்லும் நகை இதுவே. கவரிங்குக்கு ஒன்றுவிட்ட உறவு, ஆனால் குணம் வேறு. கவரிங் தங்கம்போலத் தோன்றப் பார்க்கிறது. காஸ்ட்யூம் நகையின் நல்ல உருப்படிகள் எதைப்போலவும் தோன்ற முயல்வதில்லை. உள்ளங்கை அகலத்தில், வயிறு முழுக்கக் கண்ணாடிபோன்ற லூசைட் பிளாஸ்டிக் வைத்த மீன் ஒன்றை யாரும் வைரம் என்று நம்பப்போவதில்லை.

தராசு உதவாத இந்த நகைக்கு யார் விலை சொல்வது? தெரிந்தவர் சொல்வதுதான் விலை. பழைய காஸ்ட்யூம் நகை வியாபாரத்தில் உண்மையில் விற்பனையாவது தகவல். இணைய ஏலம் அந்தத் தகவலுக்கு விலை கண்டுபிடித்த கருவியாக இருந்தது. தகவல் எல்லோர் கைக்கும் வந்ததும் ஏலமே மெலியத் தொடங்கியது என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

கண்ணாடியை வைரம்போல மின்னச் செய்யும் கலைக்கு வயது அதிகம். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கடை வைத்திருந்த ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்ட்ராஸ், ஈயம் கூடிய கண்ணாடியில் செய்த கற்களுக்காகப் பெயர் பெற்றார். இன்றும் பல ஐரோப்பிய மொழிகளில் அத்தகைய கல்லுக்கு அவர் பெயர்தான். 1892இல் பொஹீமியாக்காரரான டேனியல் ஸ்வரோவ்ஸ்கி, கண்ணாடியை இயந்திரத்தில் பட்டை தீட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1895இல் ஆஸ்திரியாவின் வாட்டன்ஸுக்குப் போய் ஆலை வைத்தார். கல் மலிந்தது. அமெரிக்காவில் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரம் இவ்வகை நகையின் பெரும்பட்டறை ஆனது. நியூயார்க்கின் ட்ரைஃபாரி நிறுவனத்துக்கு 1930இல் ஆல்ஃபிரட் ஃபிலிப் வந்து சேர்ந்தார். கார்ட்டியே, வான் கிளீஃப் அண்ட் ஆர்ப்பெல்ஸ் போன்ற வைர வணிகர்களுக்கு வடிவமைத்த கை அது. அந்தக் கை கண்ணாடிக்கும் முலாமுக்கும் இறங்கிவந்ததால்தான் உடையில் குத்தும் ட்ரைஃபாரியின் கிரீட வடிவ புரூச்சை இன்றும் தேடி வாங்குகிறார்கள். 1953இல் அதிபர் ஐசன்ஹோவரின் பதவியேற்பு விருந்துக்கு அவர் மனைவி மேமி அணிந்ததும் ட்ரைஃபாரியின் போலி முத்துதான். வாங்கமுடியாமல் அணிந்தவர் என்று அவரைச் சொல்லமுடியாது.

சிகாகோவின் ஐசன்பர்க் நிறுவனம் பற்றி இந்தத் துறையில் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. அவர்கள் தைத்து விற்றது கவுன். அலங்காரத்துக்குக் கல் வைத்த கிளிப் ஒன்றை அதில் குத்தி அனுப்புவார்கள். கடைகளில் கவுன் அப்படியே தொங்கும், கிளிப் மட்டும் களவு போகும். கடைசியில் நகையையே தனியாக விற்கத் தொடங்கினார்கள்.

இனி ஒரு புரூச்சைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்போம். விற்பவருக்கு முன்பக்கம் அழகு, பின்பக்கம்தான் வருமானம். முதலில் ஊசியும் கொக்கியும். சும்மா வளைத்துவிட்ட 'சி' வடிவக் கொக்கி என்றால் பழசாக இருக்க வாய்ப்பு. உருண்டு பூட்டிக்கொள்ளும் கொக்கி பிந்தையது. அடுத்து முத்திரை. 'ஸ்டெர்லிங்' என்று பொறித்து, மேலே தங்க முலாம் பூசிய அமெரிக்க நகை என்றால் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க் காலம். 1942 முதல் வெள்ளீயம், செம்பு போன்றவை போர்த் தளவாடங்களுக்குப் போய்விட்டதால் போலி நகைக்காரர்கள் வேறு வழியின்றி வெள்ளியில் செய்தார்கள். உலோகத் தட்டுப்பாட்டால் போலி நகை அசல் வெள்ளியான விந்தை இது. போர் முடிந்து பழைய கலவை உலோகத்துக்குத் திரும்பியபோது, வெள்ளிக்குப் பழகிய வாடிக்கையாளர் முகம் சுளிக்காதிருக்க, ட்ரைஃபாரி தன் கலவைக்கு 'ட்ரைஃபேனியம்' என்று கம்பீரமாகப் பெயர் வைத்தது.

பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'சி' எழுத்து, அதாவது பதிப்புரிமைக் குறி, இருக்கிறதா என்று லென்ஸில் பார்க்க வேண்டும். ட்ரைஃபாரி தன் வடிவத்தைக் காப்பியடித்த சாரெல் என்ற நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. போலி நகையும் கலைப்படைப்பாகலாம், அதற்கும் பதிப்புரிமை உண்டு என்று 1955இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றது. அன்றிலிருந்து நிறுவனங்கள் அந்தக் குறியைத் தாராளமாகப் பொறித்தன. குறி இருந்தால் நகை 1955ஐ ஒட்டியது அல்லது அதற்குப் பிந்தையது என்று வியாபாரிகள் கணிக்கிறார்கள். அரிசி அளவு எழுத்து ஒன்று பத்தாண்டுக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது.

நாட்டுப் பெயரும் நாள்காட்டிதான். இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று பொறிக்க வேண்டும் என 1890இன் மெக்கின்லி சுங்கச் சட்டம் அமெரிக்காவில் விதித்தது. 'செக்கோஸ்லோவாக்கியா' என்றிருந்தால் 1918க்கு முன்பு செய்திருக்க முடியாது. 'ஆக்குபைட் ஜப்பான்' என்றால் 1945க்கும் 1952க்கும் இடைப்பட்டது. 'வெஸ்ட் ஜெர்மனி' என்ற சொல்லுக்குப் பின்னால் பெரிய துயரமே இருக்கலாம். பொஹீமியாவில் கப்லோன்ஸ் என்ற ஊர் கண்ணாடி மணிக்குப் பேர்போனது. 1945க்குப் பிறகு அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பலர் பவேரியாவின் காஃப்பாய்ரன் அருகே குடியேறி, அந்தக் குடியிருப்புக்குப் 'புதிய கப்லோன்ஸ்' என்று பெயரிட்டு, அதே தொழிலைத் தொடர்ந்தார்கள். கைத்தொழில் மாறவில்லை, முத்திரையில் நாடு மாறிவிட்டது. பத்து டாலர் காதணிக் கிளிப்பின் முதுகில் இவ்வளவும் இருக்கிறது. இதை வாசிக்கத் தெரிந்தவருக்கும் 'பழைய நகை, அழகாக இருக்கிறது' என்று மட்டும் எழுதத் தெரிந்தவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் ஈபேயின் தொடக்க ஆண்டுகளில் பலர் பிழைத்தார்கள்.

இந்த இடைவெளி ஏலத்தில் எப்படிக் காசாகிறது என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். புரூச் ஒன்று 9.99 டாலர் தொடக்க விலையில் ஏழு நாள் ஏலத்துக்கு வருகிறது. முதலாமவர் தன் உச்சம் 60 டாலர் என்று தளத்திடம் சொல்லிவைக்கிறார். அது வெளியே தெரியாது. ஏலம் 9.99இலேயே நிற்கும். இரண்டாமவர் 42 என்கிறார். தளம் முதலாமவர் சார்பில் ஒரு படி ஏற்றி 43இல் நிறுத்தும். அந்த விலைமட்டத்தில் படி ஒரு டாலர். முடிய நான்கு நொடி இருக்கும்போது மூன்றாமவர் வந்து 85 என்கிறார். நகை அவருக்கு, 61 டாலருக்கு. 85க்குப் பதில் அவர் 300 என்று போட்டிருந்தாலும் 61தான். தோற்றவர்களில் உயர்ந்தவரின் தொகையும் ஒரு படியும், அவ்வளவே.

வென்றவர் இரண்டாம் உயர் தொகையைக் கட்டும் இந்த ஏற்பாட்டின் தர்க்கத்தை 1961இல் பொருளியலாளர் வில்லியம் விக்ரி ஒரு கட்டுரையில் எழுதினார். இத்தகைய ஏலத்தில் தந்திரம் தேவையில்லை, அவரவர் மனத்திலுள்ள உண்மையான மதிப்பைச் சொல்வதே அவரவருக்கு லாபம் என்று காட்டினார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். அறிவித்த மூன்றாம் நாள் இறந்துபோனார். கணக்குப்படி பார்த்தால், உண்மைத் தொகையை முதல் நாளே போட்டுவிட்டுத் தூங்கப்போகலாம். அப்படியிருக்க, கடைசி நான்கு நொடிக்காக ஏன் விழித்திருக்கிறார்கள்?

ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். அப்போது அமேசானும் ஏலம் நடத்திக்கொண்டிருந்தது. ஈபேயில் ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். அமேசானிலோ கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் நீளும். நம் ஊர் ஏலத்தில் "ரெண்டு தரம்" என்ற பிறகும் கை உயர்ந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதுபோல. அவர்கள் எடுத்த மாதிரியில், ஈபேயின் கணினி ஏலங்களில் 40 சதவீதத்திலும் பழம்பொருள் ஏலங்களில் 59 சதவீதத்திலும் கடைசி ஏலக்கேட்பு இறுதி ஐந்து நிமிடத்தில் வந்திருந்தது. அமேசானில் இது 3 சதவீதம் அளவில்தான். கணினியைவிடப் பழம்பொருளில் இந்தப் பதுங்கல் ஏன் அதிகம்? கணினியின் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். பழம்பொருளின் மதிப்பு தெரிந்தவருக்கு மட்டும் தெரியும். அவர் முன்கூட்டியே கேட்டால், அவர் கேட்கிறார் என்பதே மற்றவர்களுக்குத் துப்பாகிவிடும்.

காஸ்ட்யூம் நகைக்கு இது அச்சாகப் பொருந்தும். ஈபேயின் தொடக்க ஆண்டுகளில், மங்கலான படத்தில், பெயர் போடாமல் கிடக்கும் புரூச் ஃபிலிப் வடிவமைத்தது என்று ஒருத்திக்கு அடையாளம் தெரிகிறது. அவள் முதல் நாளே நூறு டாலர் கேட்டால், அவள் எதை எல்லாம் கேட்கிறாள் என்று பின்தொடரும் இருவர் உடனே வந்து நிற்பார்கள். அதனால் மௌனமாக இருந்து கடைசி நொடியில் இறங்குகிறாள். எழுத்துப்பிழையும் இப்படித்தான் சிலருக்கு விருந்து ஆயிற்று. அப்போது தயாரிப்பாளர் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் தேடலில் அந்த நகை வராது. பிழையான எழுத்துகளையே போட்டுத் தேடியவர்கள் போட்டியில்லாமல் அள்ளினார்கள்.

விற்பவர் பக்கமும் ஆய்வாளர்கள் சும்மா விடவில்லை. தொடக்க விலையைத் தாழ்த்தி வைத்தால் பலர் நுழைந்து முடிவு விலை உயரக்கூடும் என்று கூ, கலின்ஸ்கி, மர்னிகன் மூவரும் 2006இல் எழுதினார்கள். அதே ஆண்டு ஹொசைன், மார்கன் இருவரும் குறுந்தகடுகளையும் விளையாட்டுத் தகடுகளையும் ஏலம் விட்டுப் பார்த்து, தொடக்க விலையைக் குறைத்து அஞ்சல் கட்டணத்தை ஏற்றினால் மொத்த வசூல் கூடுவதைக் கண்டார்கள். கேட்பவர் கண் ஏல விலையில் இருக்கிறது, அஞ்சல் கட்டணத்தில் இல்லை. ஆனால் தாழ்ந்த தொடக்க விலை, கூட்டம் வரும் சரக்குக்குத்தான் மருந்து. இருவர் மட்டுமே தேடும் நகையை 99 சென்டில் தொடங்கினால், அந்த இருவரில் ஒருவர் அன்று ஊரில் இல்லையென்றால் கதை முடிந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் நம்பிக்கை. வாங்குபவர் நகையைத் தொட முடியாது. கல்லுக்குப் பின்னால் ஒட்டிய மினுக்குப் பூச்சில் ஈரம் ஏறினால் கல் மங்கி மஞ்சளாகிவிடும். 'கல் செத்துவிட்டது' என்பார்கள். புதிதாக விற்க வருபவர் படம் எடுக்கும் முன் சுத்தமாக இருக்கட்டும் என்று நகையைச் சோப்புநீரில் முக்குவார். அந்த ஒரு குளியலில் கற்கள் வரிசையாகச் சாகும். மூட்டுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கலாம், கல் மாற்றியிருக்கலாம், முலாம் புதுசாக இருக்கலாம். பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த வளையல் என்று சொன்னால், கட்டைவிரலால் சூடுபறக்கத் தேய்த்தோ வெந்நீரில் காட்டியோ முகர்ந்து பார்க்க வேண்டும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் தவளை ஊறிய ஃபார்மலின் வாடை அடிக்க வேண்டும். அந்த வாடை திரையில் வராது. சரக்கின் குறை விற்பவருக்கு மட்டும் தெரிந்த சந்தையில் நல்ல சரக்கு மெல்ல ஒதுங்கிவிடும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார்களை வைத்துச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஈபே இதற்குக் கண்ட வழி, வாங்கியவரும் விற்றவரும் ஒருவருக்கொருவர் மதிப்புரை எழுதுவது. அதில் சேரும் நற்பெயருக்கு எவ்வளவு பெறுமானம் என்று பால் ரெஸ்னிக் குழுவினர் அளந்து பார்த்தார்கள். நெடுநாள் நற்பெயருள்ள ஒருவர், ஒரேமாதிரியான பழைய அஞ்சலட்டைகளைத் தன் பெயரிலும் புதுப் பெயர்களிலும் விற்றார். பழகிய பெயருக்கு வாங்குபவர்கள் 8.1 சதவீதம் கூடுதலாகத் தரத் தயாராக இருந்தார்கள். 2006இல் வந்த முடிவு. அஞ்சலட்டையில் படத்துக்கும் நேருக்கும் அதிக வேறுபாடு இருக்காது. அதிலேயே எட்டு என்றால், பின்பக்கக் கொக்கிவரை நம்பிக்கையில் வாங்கும் நகையில் பேரின் பங்கு இன்னும் கூடுதல் என்பது என் ஊகம். 2008இல், விற்பவர்கள் வாங்கியவரைக் குறைசொல்லி மதிப்பிட முடியாதபடி ஈபே விதியை மாற்றியது. பழிக்குப் பழி மதிப்புரைகள் குறைந்தன. விற்பவர்களின் புலம்பல் இன்னும் ஓயவில்லை.

பெயருக்கு விலை என்றால் போலிக்குப் போலியும் வந்துதானே தீரும். பேர்போன பழைய நகைகளிலிருந்து அச்செடுத்து வார்த்த நகல்கள், முத்திரை உட்பட, சந்தையில் உண்டு. முத்திரை எழுத்து மழுங்கி, அசலைவிட அளவு ஒரு பொடி குறைந்து இருந்தால் சந்தேகப்பட வேண்டும்; அச்சிலிருந்து அச்செடுக்கும்போது உலோகம் சுருங்கும். வெள்ளி நகை விற்கும் டிஃபனி நிறுவனம், தன் பெயரில் போலிகள் விற்பதாக ஈபே மீதே வழக்குப் போட்டது. குறிப்பிட்ட சரக்கு போலி என்று தெரிவித்ததும் நீக்கினால் போதும், பொதுவாகப் போலி நடமாடுகிறது என்று தெரிந்திருப்பதாலேயே தளம் வணிகச்சின்ன மீறலுக்குப் பொறுப்பாகாது என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சரக்கைப் பார்த்து வாங்கவேண்டிய பாடு வாங்குபவர் தலையில்.

தகவலே விலை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று புரூக்ளினில் 1947இல் தொடங்கிய டெலிசா அண்ட் எல்ஸ்டர் பட்டறை. அவர்கள் செய்த நகைகளில் பெரும்பாலானவற்றுக்கு முத்திரை கிடையாது. சிலவற்றில் மட்டும் 'ஜூலியானா' என்ற பெயரைக் காகிதச் சீட்டில் எழுதிக் கட்டியிருந்தார்கள். வாங்கியவள் வீட்டுக்குப் போனதும் சீட்டை அறுத்துப் போட்டாள், நகை அநாமதேயமாயிற்று. பிற்பாடு இணையத்தில் கூடிய சேகரிப்பாளர்கள், பட்டறைக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபிராங்க் டெலிசாவின் உதவியோடு, ஐந்து இணைப்பு கொண்ட வளையல், கல் கட்டிய விதம் என்று அங்க அடையாளங்களைத் தொகுத்தார்கள். அதுவரை பெட்டியோடு கழித்துவிட்ட கல் நகைக்குத் திடீரென்று குலம் கோத்திரம் கிடைத்தது, விலையும் ஏறியது. நகையில் ஓர் அணுகூட மாறவில்லை. கொஞ்ச நாளில் கல் வைத்த எதையும் ஜூலியானா என்று விற்கவும் ஆரம்பித்தார்கள்.

இவ்வளவு தகவல் பரவியபின் ஏலத்துக்கு என்ன வேலை? 2003 வாக்கில் ஈபேயில் சரக்கு விற்பது என்றாலே ஏலம்தான். அடுத்த பத்தாண்டில் நிலைமாறி, நிர்ணய விலை மேலோங்கியது. இதை லிரான் ஐனவ் உள்ளிட்ட பொருளியலாளர்கள் நால்வர் ஆராய்ந்து 2018இல் எழுதினார்கள். வாங்குபவர்களுக்கு ஏழு நாள் காத்திருக்கும் பொறுமை போனது அவர்கள் சொல்லும் முக்கியக் காரணம். ஏலம் ஒழியவில்லை; மதிப்புத் தெரியாத சரக்கை வைத்திருப்பவர்களிடம் அது தங்கிவிட்டது. காஸ்ட்யூம் நகையில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். முன்பு விற்ற நகைகள் என்ன விலைக்குப் போயின என்று எவரும் இன்று தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். எண்பது எழுத்துத் தலைப்புக்குள் தயாரிப்பாளர், பத்தாண்டு, கல், கொக்கி வகை எல்லாவற்றையும் அடுக்கி, விலையைத் தானே எழுதிவிட்டு உட்கார்ந்துகொள்கிறார் தெரிந்தவர். ஏலத்துக்கு வருவது பாட்டியின் பெட்டியைத் திறந்து என்னவென்று தெரியாமல் விழிக்கும் பேரனின் சரக்கு. கடைசி நான்கு நொடிக்காரர்கள் அங்கேதான் இன்னும் பதுங்கியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஏலம் எடுத்த புரூச் விற்பனைக்காகச் சென்னைக்கு வரவேண்டுமென்றால் கடைசியாக ஒரு வாசல் உண்டு. சுங்க அட்டவணையில் 7117 என்ற எண், போலி நகை. வடிவமைத்தது யார், எந்த ஆண்டு, முத்திரை உண்டா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியாது. மலிவுச் சரக்கை இன்னும் மலிவாகக் கணக்குக் காட்டி இறக்குவதைத் தடுக்க, போலி நகைக்குக் குறைந்தபட்சம் கிலோவுக்கு 400 ரூபாய் வரி வசூலாகும்படி 2022 நிதிநிலை அறிக்கையில் வைத்தார்கள். 2022இன் அந்தக் குறைந்தபட்சக் கணக்கில், கையிலுள்ள முப்பது கிராம் புரூச்சுக்கு 12 ரூபாய் ஆகியிருக்கும். தராசில் வைத்துப் பார்த்துத்தான்.